மலைக்குப் போகும் வண்டியும் மலையிலிருந்து வரும் தண்ணீரும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு மூலக்கடை சந்திப்பில் நின்று பார்த்தால் வடசென்னைக்கு எவ்வளவு மலை ஆசை என்பது புரிந்துவிடும். வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து வரும் டெம்போ டிராவலர்களும், ஜோடி ஜோடியாக பைக்குகளும் ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்து மாதவரம், செங்குன்றம் தாண்டி வடக்கே போகின்றன. வேனின் பின்சீட்டில் பிரியாணி அண்டா, தண்ணீர் கேன், ஒரு கட்டு பிளேட், ஒரு கட்டு கப். போகுமிடம் பெரும்பாலும் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம். தடா அருவி என்று நாம் சொல்லும் உப்பலமடுகு, நாகலாபுரம் மலை ஓடைகள், நாராயணவனம் பக்கத்துக் கைலாசகோனை அருவி. எல்லாமே நூறு கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். ஊட்டிக்குப் போக லீவு வேண்டும், ரூம் வேண்டும், காசு வேண்டும். இங்கே காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

பொறுப்பான சுற்றுலா, நீடித்த சுற்றுலா என்று பேச்சு எழுந்தாலே நம் கண்முன் வருவது ஊட்டியும் கொடைக்கானலும்தான். கோர்ட் வழக்கு, இ-பாஸ், கலெக்டர் உத்தரவு எல்லாம் அங்கேதான். அவை எண்ணிப் பார்க்க ஆள் இருக்கும் மலைகள். நம்ம பக்கத்து மலைகளுக்கு அந்த யோகம் இல்லை. ரிசார்ட் இல்லை, மாஸ்டர் பிளான் இல்லை, பத்திரிகைத் தலைப்பும் இல்லை. யாராவது மடுவில் மூழ்கி இறந்தால்தான் செய்தி. ஆனால் காட்டு மலைக்கு ஆள் போனால் என்ன ஆகும் என்பதைப் புரிந்துகொள்ள ஊட்டியை விட இந்த மலைகளே நல்ல பாடம். காரணம், இங்கே நாம் விருந்தாளி மட்டுமல்ல. இந்த மலைகளின் தண்ணீர் வந்து சேரும் கடைசி ஊரும் நாம்தான்.

தண்ணீர் வரும் வழி

நாகலாபுரம், நாராயணவனம் பக்கத்து மலைகள் கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள். திருமலை இருக்கும் சேஷாசலத்துக்குத் தெற்கே, கிழக்கே சிதறிக் கிடப்பவை. இந்த வட்டாரத்து நீரைச் சேர்த்துக்கொண்டு ஓடுவது ஆரணியாறு. பிச்சாட்டூர் அணையில் தேங்கி, சிவன் படுத்திருக்கும் சுருட்டப்பள்ளி வழியாக ஊத்துக்கோட்டைக்கு வந்து, திருவள்ளூர் மாவட்டத்தைக் குறுக்கே கடந்து, பொன்னேரிப் பக்கமாகப் போய் பழவேற்காட்டில் முடிகிறது. மழைக்காலத்தில் டிவியின் அடியில் ஓடும் ‘பிச்சாட்டூர் அணையிலிருந்து உபரிநீர் திறப்பு, ஆரணியாற்றங்கரை மக்களுக்கு எச்சரிக்கை’ என்ற வரி நமக்கெல்லாம் மனப்பாடம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பவர்கள்தான் குறைவு. மலையின் கிழக்குச் சரிவு ஓடைகளும் பழவேற்காடு ஏரியை நோக்கித்தான் இறங்குகின்றன.

இன்னொரு பக்கம் நகரி ஆறு. அது கொசஸ்தலையாற்றில் சேர்ந்து பூண்டிக்கு வருகிறது. 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம்தான் சென்னைக் குடிநீரின் தலைவாசல். அங்கிருந்து புழலுக்குக் கால்வாய். மிஞ்சியது எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலையாற்றுக்கும் நடுவே உள்ள மணற்பாங்கான நிலத்தடியில்தான் 1960-களின் பிற்பகுதியிலிருந்து சென்னைக்காகக் கிணற்றுத் தொகுதிகள் தோண்டப்பட்டன. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், கன்னிகைப்பேர், பூண்டி. மணலியின் தொழிற்சாலைகள் இந்த நீரைக் குடித்துத்தான் வளர்ந்தன. மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்து ஊர்க்கிணறுகள் உப்புக்கரித்துப் போனது தனிக் கதை.

ஆக, பிச்சாட்டூருக்கு மேலே ஓர் ஓடைக்கரையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்ன நடக்கிறது என்பது தண்டையார்பேட்டைக்குச் சம்பந்தமில்லாத விஷயம் இல்லை. ஒரு வேன் கூட்டம் சாப்பிட்டுப் போன பாறையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். பிளேட்டுகளைக் காற்று ஏற்கெனவே புதருக்குக் கொண்டுபோயிருக்கும். ஷாம்பு பாக்கெட்டுகள் நீரோரம் பாறை இடுக்கில் வரிசையாகச் செருகியிருக்கும், யாரோ அடுக்கி வைத்த மாதிரி. குளித்தவர்கள் வழுக்காமலிருக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், அதனால்தான் அந்த வரிசை. கொஞ்சம் தள்ளி, கல்லடுப்பின் சாம்பல். சாம்பலுக்குள் பாதி உருகிய தண்ணீர் பாட்டிலும், எரியாமல் சுருண்டு நிற்கும் சிப்ஸ் கவரும் இருக்கும். ‘குப்பையைப் போடாமல் எரித்துவிட்டோம்’ என்று நிம்மதியாகக் கிளம்பியிருப்பார்கள். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெரிய தண்ணீர் வந்ததும் இந்தப் பாறை சுத்தமாகிவிடும். அடுத்த ஆண்டு போகிறவருக்கு இடம் புதிதாகத் தெரியும். மலை தானே கழுவிக்கொண்டது என்றுதான் நினைப்போம். கழுவியது வந்து சேரும் இடம் அணை, ஆறு, அப்புறம் ஏரி. பழவேற்காட்டிலும் காசிமேட்டிலும் வலை இழுக்கிறவர்களிடம் கேட்டால் மீனோடு வேறு என்னென்ன வருகிறது என்று சொல்வார்கள்.

குப்பைக்கு உள்ள விலை

இங்கே ஒரு கேள்வி. வியாசர்பாடித் தெருவில் ஒரு காலி தண்ணீர் பாட்டிலைப் போட்டால் அது எவ்வளவு நேரம் அங்கே கிடக்கும்? அரை நாள் கூடக் கிடக்காது. யாராவது எடுத்துவிடுவார்கள். காரணம் சுத்தம் பற்றிய அக்கறை அல்ல. முக்கில் காயலான் கடை இருக்கிறது. பாட்டிலுக்குக் கிலோ கணக்கில் விலை இருக்கிறது. கொடுங்கையூர் குப்பைமேட்டில் முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் குவியலில் பொறுக்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு எந்தப் பிளாஸ்டிக் காசாகும், எது ஆகாது என்று தொட்டவுடன் தெரியும். தண்ணீர் பாட்டில் ஆகும். பால் கவர் ஆகும். சிப்ஸ் கவர் ஆகாது, ஷாம்பு பாக்கெட் ஆகாது. பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் ஒட்டிச் செய்தது அது. பிரிக்க முடியாது, அதனால் வாங்குவாரில்லை.

மலைமேல் இந்தக் கணக்கு அடியோடு மாறுகிறது. நூறு தண்ணீர் பாட்டில்களைச் சேர்த்தாலும் எடை இரண்டு மூன்று கிலோதான் தேறும். அதை ஓடையிலிருந்து அடிவாரத்துக்குச் சுமந்து, அடிவாரத்திலிருந்து ஊத்துக்கோட்டைக்கோ புத்தூருக்கோ ஏற்றிப் போக ஆகும் செலவு, கிடைக்கும் காசை விழுங்கிவிடும். நகரத்தில் சரக்காக இருந்த பொருள் மலையேறியதும் வெறும் குப்பையாகிவிடுகிறது. பொருள் மாறவில்லை, தூரம் மாறியிருக்கிறது. மலைச் சுற்றுலாவின் குப்பைப் பிரச்சினை முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பேன். மலைவாழ் மக்களுக்கு அக்கறை இல்லை, பயணிகளுக்குப் பண்பாடு இல்லை என்று பேசுவதெல்லாம் அப்புறம். ஏறும் சரக்குக்குக் கொண்டுபோகிறவர் இருக்கிறார். இறங்கும் சரக்குக்கு யாரும் இல்லை.

இதைச் சரிசெய்ய வழி ஒன்று உண்டு. காலிப் பொருளுக்கு மலைமேலேயே ஒரு விலை வைப்பது. தமிழ்நாட்டில் அது நடந்தும் இருக்கிறது, நாம் அவ்வளவாகக் கவனிக்காத இடங்களில். நீலகிரியில் 2022 மே மாதம் டாஸ்மாக் கடைகளில் ஒரு பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் காட்டு விலங்குகளை நினைத்துச் சொன்னது அது. குடித்துவிட்டுக் காட்டில் உடைத்துப் போடும் கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறுகிறது. யானையின் எடைக்கு அந்தக் காயம் சின்னக் காயம் இல்லை, நடக்க முடியாத யானை பிழைப்பது கஷ்டம். பத்து ரூபாய் என்றதும் பெரும்பாலான பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. குடித்தவர் தூக்கிப் போட்டாலும் இன்னொருவர் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். பிறகு மற்ற மலைப் பகுதிகளுக்கும் மாவட்டங்களுக்கும் திட்டம் படிப்படியாக விரிந்தது. அறிவுரை எழுதிய போர்டு எத்தனையோ வருஷமாகச் செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது.

வெள்ளியங்கிரி போய்வந்தவர்கள் நம்ம பக்கத்தில் நிறைய. அங்கே அடிவாரத்தில் வனத்துறையினர் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் 20 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு பாட்டிலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். ஏழு மலை ஏறி இறங்கி வந்து அந்த ஸ்டிக்கரோடு பாட்டிலைக் காட்டினால் இருபது ரூபாய் கைக்கு வரும். முழங்கால் நடுங்க இறங்கி வரும் மனிதர்கூட அந்த நசுங்கிய பாட்டிலைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார். திருமலையில் தேவஸ்தானம் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையே நிறுத்திவிட்டுக் கண்ணாடி பாட்டிலுக்கு மாறியது; காலி பாட்டிலைக் கொடுத்தால் ஒரு பகுதிப் பணம் திரும்பும். புரட்டாசியில் திருப்பதிக் குடைகள் யானைக்கவுனியைத் தாண்டும்போது கூடும் கூட்டத்தில் பாதிப்பேர் திருமலைக்குப் போய்வருகிறவர்கள்தான். அங்கே ஒழுங்காக நடந்துகொள்கிற அதே ஆட்கள்தான் தடா அருவியில் பிளேட்டை வீசுகிறார்கள். ஆள் மாறவில்லை. ஒரு மலையில் கேட்க ஆள் இருக்கிறது, காசும் பிணையாக இருக்கிறது. இன்னொன்றில் இரண்டும் இல்லை.

பக்திக்கும் பொழுதுபோக்குக்கும் உள்ள வித்தியாசம் என்று சிலர் சொல்லக்கூடும். பர்வதமலையிலும் சதுரகிரியிலும் விழாக் கூட்டத்துக்கு மறுநாள் போய்ப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

எத்தனை பேர் என்பது ஒரு கேள்வி, எப்படி என்பது இன்னொன்று

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமானது. கோடை சீசனில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டிகள் நீலகிரிக்குள் நுழைவதாக அரசுத் தரப்பே சொன்னதைக் கேட்டு உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. முதல் ஆண்டில் கேட்டவருக்கெல்லாம் பாஸ் கிடைத்தது. உண்மையில் அது தலையெண்ணும் வேலைதான். 2025 கோடைக்கு வரம்பு வந்தது. நீலகிரிக்கு வாரநாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அந்த மலைகள் உண்மையிலேயே எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் வேலை சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் போனது.

இந்தத் தாங்குதிறன் கணக்கில் பலரும் ரோட்டில் நிற்கும் கார்களை மட்டும் பார்க்கிறார்கள். மலையூரில் முதலில் தீர்ந்துபோவது இடம் இல்லை, தண்ணீர். மலையுச்சியில் மழை அதிகம் என்பதால் தண்ணீரும் அதிகம் என்று நினைக்கிறோம். பெய்தது எல்லாம் கீழே இறங்கிவிடும், அதனால்தான் நமக்கு ஆறு இருக்கிறது. கோடையில் மேலே மிஞ்சுவது சில குளங்களும் ஊற்றுகளும். அந்தச் சமயத்தில்தான் சீசன். சுற்றுலா வரும் மாதமும் தண்ணீர் வற்றும் மாதமும் ஒன்றாகவே வருவதால் உள்ளூர்க்காரருக்குக் குழாய்க்குப் பதில் லாரி வருவதும் ஓட்டல் தொட்டி நிரம்புவதும் ஒரே நாளில் நடக்கிறது. கழிவுநீர் அதைவிட மோசம். செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி வந்து எடுக்க வேண்டும், அந்த லாரியும் அந்த வளைந்து நெளியும் ரோட்டில்தான் இறங்க வேண்டும். சில இடங்களில் லாரிக்குப் பதில் ஓடையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மலையைக் கெடுக்கிறவர் என்று யாரைக் காட்டினாலும் முதலில் விரல் நீள்வது லுங்கியும் பிரியாணியுமாக வேனில் வரும் கூட்டத்தின் மேல்தான். அவர்கள் போடும் குப்பை கண்ணுக்குத் தெரிகிறது, போட்டோவில் விழுகிறது. ஆனால் காட்டின் ஓரத்தில் வேலி போட்டு, போர்வெல் இறக்கி, நீச்சல்குளம் வெட்டி, ராத்திரி முழுக்க விளக்குப் போட்டு வைத்திருக்கும் ரிசார்ட்டின் பாரம் போட்டோவில் விழாது. முதுமலைக்குப் பக்கத்தில் மசினகுடிப் பகுதியில் யானை வழித்தடத்தில் கட்டிய ரிசார்ட்டுகள் 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைக்கப்பட்டன. அதை யானை வழித்தடம் என்று அரசு அறிவித்தது செல்லும் என 2011-இல் உயர் நீதிமன்றம் சொன்னதை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அங்கே தங்கியவர்களில் பெரும்பாலோர் குப்பையைக் கூடையில்தான் போட்டிருப்பார்கள். சமர்த்தாக நடந்துகொண்டவர்கள்தான். அவர்கள் படுத்திருந்த இடமே யானையின் பாதை என்பதுதான் பிரச்சினை.

அதேபோல் இன்னொன்று: அரசு பஸ்ஸில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. இது யாரோ ஏழைகள்மேல் காட்டிய கருணை இல்லை, கணக்குதான். ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் போவதற்கும் ஐம்பது பேர் பதினைந்து காரில் போவதற்கும் மலை ரோட்டில் உள்ள வித்தியாசம் சொல்லாமலே புரியும். மாதவரம் பஸ் நிலையத்திலிருந்து ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், பிச்சாட்டூர், புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் பஸ் போகிறது. கொருக்குப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ சூளூர்பேட்டை போகும் மின்சார ரயிலைப் பிடித்தால் தடா ஸ்டேஷனிலேயே இறங்கலாம். வேன் பேசிப் போகும் வழக்கம் அண்டாவுக்காக வந்தது. அண்டா இல்லாவிட்டால் வேனும் தேவைப்படாது, பாதிக் குப்பையும் கிளம்பாது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ரயிலில் போன தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

மிச்சச் சோறும் காட்டு விலங்கும்

குப்பை அசிங்கமாக இருக்கிறது என்பது மனுஷனின் புகார். விலங்குக்கு அது சாப்பாடு. மிஞ்சிய பிரியாணியைப் புதரோரம் கொட்டும்போது ‘ஏதாவது ஜீவன் சாப்பிடட்டும்’ என்கிற நல்லெண்ணம்தான் இருக்கும். சாப்பிடவும் செய்யும், கவரோடு சேர்த்து. 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு பெண் யானை விழுந்து இறந்தது. அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது, கருவில் குட்டியும் இருந்தது. பக்கத்திலிருந்த குப்பைக் கிடங்கில் அது மேய்ந்து பழகியிருந்தது. ஊர்க் குப்பையைக் காட்டோரம் கொட்டும் பழக்கம் பல ஊராட்சிகளில் உண்டு. ஊருக்குள் கொட்டினால் ஆள் கேள்வி கேட்பார், காடு கேட்காது. கொடுங்கையூருக்குக் குப்பைமேடு வந்ததும் எண்ணூருக்குச் சாம்பல்குட்டை வந்ததும் இதே யோசனையில்தான், கேட்பாரில்லை என்ற நினைப்பில்.

இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. மிச்சச் சோறு இருக்கும் இடத்துக்குக் குரங்கு வரும், நாய் வரும், பன்றி வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். 2023 ஆகஸ்டில் திருமலை அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொண்டுபோனது. அதன்பிறகு மதியம் இரண்டு மணிக்கு மேல் சிறுவர்களை அந்தப் படிகளில் விடுவதை நிறுத்தினார்கள், வழியில் விலங்குகளுக்குத் தின்னக் கொடுக்கக் கூடாது என்று எச்சரித்தார்கள். ஒரு சம்பவத்துக்கு ஒரே காரணத்தைக் காட்ட முடியாது. ஆனால் படியோரம் தின்பண்டம் சிந்தினால் அங்கே விலங்கு பழகும் என்பதில் சந்தேகமில்லை. குரங்குக்கு பிஸ்கெட் கொடுத்து செல்ஃபி எடுப்பது அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்க அந்தக் குரங்கைப் பழக்குவதுதான்.

தீயும் மடுவும்

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போன இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், இளம்பெண்கள் அதிகம். அந்த மாதத்தில் புல் முழுக்கக் காய்ந்திருக்கும். சமவெளியில் தீ பரவுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஓடித் தப்பிக்கலாம் என்ற எண்ணம் அதில் வருவது. சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். சுவாலை சாய்ந்து மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால் ஆள் ஏறும் வேகத்தைவிடத் தீ ஏறும் வேகம் அதிகம். மேலே ஓடினால் தப்பிக்கலாம் என்று தோன்றும் இடத்தில் மேலே ஓடுவதுதான் ஆபத்து. இது காட்டை அறிந்தவருக்குத் தெரியும், இன்ஸ்டாகிராம் பார்த்து வருகிறவருக்குத் தெரியாது. உள்ளூர் வழிகாட்டி எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு விஷயம் போதும்.

அந்த ஆண்டே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 14 மாவட்டங்களில் 40 பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது. வழிகாட்டிகள் அந்தந்த மலையடிவாரத்து, மலைவாழ் இளைஞர்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படும். இதில் எனக்குப் பிடித்த அம்சம் பணம் போகும் திசை. வேனில் போகிற குழு பெட்ரோல் செங்குன்றத்தில் போடுகிறது, பிரியாணி வீட்டில் செய்கிறது, சிப்ஸும் தண்ணீரும் மாதவரத்தில் வாங்குகிறது. மலையடிவார ஊருக்கு மிஞ்சுவது பார்க்கிங் காசும் குப்பையும். வழிகாட்டிக்கும் அடிவாரத்துச் சமையலுக்கும் காசு போனால், அந்த ஊருக்கு மலை சுத்தமாக இருப்பதில் நேரடி ஆதாயம் இருக்கும். அப்போது அவர்களே கேள்வி கேட்பார்கள்.

அந்த நாற்பதில் ஒன்று நம் வாசலிலேயே இருக்கிறது. பூண்டிக்குப் பக்கத்தில் குடியம் குகைகள். காட்டுக்குள் நடந்து போனால் பிரம்மாண்டமான பாறைக் குடைவு. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவிகள் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் அங்கிருந்து தூரமில்லை. அந்தக் கருவிகளில் பழையவை 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் ஆய்வு வந்தது. அருவி இல்லை என்பதால் கூட்டம் இல்லை. அதுவே அந்த இடத்துக்கு இப்போதைக்குப் பாதுகாப்பு.

அருவி இருக்கும் இடங்களில் ஆபத்து நீரில்தான். நாகலாபுரம், தடா ஓடைகளில் பாறைக்கு நடுவே ஆழமான மடுக்கள் உண்டு. மேலே தெளிவாகத் தெரியும் தண்ணீரில் ஆழம் தெரியாது. பாசி படிந்த பாறை, மதுக்குடி, நீச்சல் தெரியாத பையன்கள். ஆண்டுதோறும் சாவு வருகிறது. இதுபோக, நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் மழை கொட்டினால் ஓடையில் திடீரென்று தண்ணீர் ஏறிவிடும். நீர் கலங்கலாக மாறுவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இந்த மூன்றில் எதைக் கண்டாலும் சாமானை விட்டுவிட்டுக் கரையேற வேண்டும். பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது. விழுந்தவரைத் தேடி முதலில் மடுவில் இறங்குவது போலீஸோ தீயணைப்போ இல்லை, அடிவாரத்து ஊர்க்காரர்கள். நம் பிள்ளையின் உடலை எடுத்துக் கொடுத்துவிட்டு மறுநாள் நாம் விட்டுப்போன பாட்டிலையும் அவர்கள்தான் பொறுக்க வேண்டியிருக்கிறது.

யார் வாங்குவது, யார் திருப்பித் தருவது

அப்படியானால் வெள்ளியங்கிரியின் ஸ்டிக்கரை இங்கேயும் ஒட்ட வேண்டியதுதானே? சிக்கல் எல்லைக்கோட்டில் இருக்கிறது. மலை ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது, போகிறவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டு வண்டி. ஆந்திர வனத்துறைக்கு இந்தக் காடு செம்மரத்தையும் சேர்த்துக் காக்க வேண்டிய காடு. சுற்றுலா அவர்களுக்கு இரண்டாம் பட்சம். கூட்டம் தொல்லையானால் மூடிவிடுவது அவர்களுக்குச் சுலபமான வழி. மூடினால் போகிறவர்கள் நிற்பதில்லை, வேறு வழியில் ஏறுகிறார்கள். வேறு வழியில் ஏறுகிறவரை எண்ணவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது.

முன்பணம் வாங்கும் முறைக்குப் பெரிய கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. காலையில் ஒரு மேஜை, ஸ்டிக்கர் கட்டு, சில்லறை. சாயங்காலம் ஆறரை வரை அங்கே உட்கார்ந்து பணத்தைத் திருப்பித் தர இரண்டு பேர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் அந்த அடிவார ஊர்களின் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதைவிடக் கஷ்டமான கணக்கை வாராவாரம் பார்க்கின்றன. திரும்பி வாங்காமல் போகிறவர்களின் பணம் அந்தக் குழுவுக்கே. சேரும் பாட்டிலை மாதம் ஒருமுறை ஒரே லோடாகக் கீழே அனுப்பினால் காயலான் கடைக் கணக்கும் கட்டுபடியாகும். சிப்ஸ் கவருக்கும் ஷாம்பு பாக்கெட்டுக்கும் எங்கேயும் விலை கிடையாது என்பதால் அவற்றை மேஜையிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும், மேலே விடவே கூடாது. குற்றாலத்தில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் நீதிமன்றம் சொல்லித்தான் நின்றன. தடாவுக்கு யார் வழக்குப் போடப்போகிறார்கள்?

வேன் பேசும்போதே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. டிரைவர் அண்ணன்களுக்கு இந்த மலைகள் நம்மைவிட நன்றாகத் தெரியும், எந்த மடு ஆளை விழுங்கும், எந்த மாதம் போகக் கூடாது என்பது உட்பட. வாடகை பேசும்போதே குப்பை மூட்டை திரும்பி வண்டியில் வரும் என்று சொல்லி வைத்தால் பின்சீட்டில் அதற்கு இடம் இருக்கும். காலியான அண்டாவுக்குள்ளேயே அது அடங்கிவிடும்.